‘இல்லை’ என்று எழுதுகிறவர்கள்

(விலங்கியல் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய தம்பி, நான் புலியோடும் யானையோடும் வாழ்ந்தவன் என்று சொன்னார். மேடையில் உட்கார்ந்துகொண்டு மறுப்பது மரியாதையாக இருக்காது என்று சும்மா இருந்தேன். இப்போது மைக் என் கையில் இருக்கிறது, மறுத்துவிடுகிறேன். நான் வாழ்ந்தது உண்ணியோடு. முதுமலையில் மாசி, பங்குனியில் காய்ந்த புல்லுக்குள் ஒரு நடை போய்வந்தால் முழங்காலுக்குக் கீழே மிளகுப்பொடி தூவியதுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் பொடி நகரும். ராத்திரி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்போம். அந்தத் தழும்புகள் இன்னும் காலில் இருக்கின்றன. புலி எனக்கு ஒரு தழும்பும் தரவில்லை. அங்கே இருந்த மூன்று ஆண்டில் நான் அதைப் பார்த்ததே நான்கு தடவை. அதில் ஒரு தடவை வாலை மட்டும்.

காட்டுக்குள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களில் இரண்டு பேரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஒருவர் வனத்துறைக்காரர். வேட்டைத் தடுப்புக் காவலர், வனக்காவலர், வனக்காப்பாளர், வனவர், ரேஞ்சர் என்று படி ஏறும். மற்றவர் ஆய்வாளர், கழுத்தில் பைனாகுலரும் கையில் நோட்டுமாக வருகிறவர். சினிமாவில் இவர்கள் செய்வதாகக் காட்டும் எதையும் இவர்கள் பெரும்பாலான நாட்களில் செய்வதில்லை. நடக்கிறார்கள். நடந்து வந்து எழுதுகிறார்கள். எழுதுவதில் பெரும்பங்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லை எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவரிடமிருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். வேலை, நேர்கோட்டுக் கணக்கெடுப்பு. காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நேராக ஒரு கோடு வெட்டி, மரங்களில் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள். விடிந்ததும் அதில் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். கண்ணில் படும் விலங்கு எது, எத்தனை, எவ்வளவு தூரத்தில், திசைமானியில் எத்தனை பாகையில் என்று குறிக்க வேண்டும். கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றன என்பதை வைத்து, நம் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை இருக்கும் என்று பிறகு கணக்குப் போடலாம். பார்க்காததை எண்ணுகிற அழகான கணக்கு அது. பார்த்ததை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தால்தான் அது பலிக்கும்.

என்னோடு நடந்தவர் ஓர் இருளர், தினக்கூலிக் காவலர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். வாத்தியார் அவர், மாணவன் நான், பட்டம் மட்டும் எனக்கு வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒன்றரை கிலோமீட்டர் நடந்தும் தாளில் ஒரு வரி இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வலப்பக்கம் உண்ணிச்செடிப் புதருக்குள் தடதடவென்று சத்தம். புள்ளிமான் கூட்டம் என்று நினைத்து, ‘7’ என்று எழுதினேன். ஏன் ஏழு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் எட்டிப் பார்த்தார். எண் மட்டும் படிப்பார்.

“பாத்தீங்களா சார்?”

“சத்தம் கேட்டுச்சே அண்ணா.”

“சத்தம் எனக்குந்தான் கேட்டுச்சு. ஏழு எங்க இருந்து வந்துச்சு?”

எழுதியதை அடித்தேன். கோடு முடியும்வரை ஒன்றும் வரவில்லை. தாளின் அடியில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று பொழுது வீணாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் கழித்துக் கணக்கைப் போட உட்கார்ந்தபோதுதான், அந்த வெறும் தாள்கள் இல்லாமல் மற்றத் தாள்களுக்கு மதிப்பே கிடையாது என்று புரிந்தது. எங்கே இல்லை என்று தெரியாதவனுக்கு எங்கே இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

ஒரு காவலரின் நாளைச் சொல்கிறேன். வேட்டைத் தடுப்பு முகாம் என்பது காட்டு நடுவில் ஓர் அறை, அல்லது இரண்டு. சுற்றிலும் யானை வராதபடி அகழி, அதன்மேல் பலகை. காலையில் வயர்லெஸ்ஸில் முகாம் முகாமாகக் கூப்பிட்டு ஆள் இருக்கிறாரா என்று கேட்பார்கள். பிறகு ரோந்து. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் தலைச்சுமையாகவோ ஜீப் வருகிற அன்றோ வர வேண்டும். தை பிறப்பதற்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டி எரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். பங்குனியில் தீ வந்தால் பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அணைக்க வேண்டும். தீயணைப்பு வண்டி அங்கே வராது.

ரோந்தில் தேடுவது எதை? துப்பாக்கிக்காரனை என்று நீங்கள் நினைப்பீர்கள். பெரும்பாலும் தேடுவது கம்பியை. பைக்கின் கிளட்ச் கம்பி ஒன்று போதும், சுருக்கு ஆகிவிடும். காட்டுப்பன்றிக்கு என்று வைப்பான், சிறுத்தை வந்து மாட்டும். வேலியோரம், எஸ்டேட் ஓரம், மான் நுழைகிற சந்து சந்தாகக் குனிந்து தடவிக்கொண்டே போவார்கள். இன்னொன்று அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்து வைத்தது. பன்றி கடிக்க வேண்டும் என்று வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாள் கணக்கில் நின்று சாகும். இவற்றைத் தேடிப்போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் நாள்தான் நல்ல நாள். அந்த நாளுக்கு மெடலும் இல்லை, செய்தியும் இல்லை. பதிவேட்டில் ஒரு வரி: சுருக்கு இல்லை.

கிடைத்துவிட்டாலோ, அப்புறம் முழுக்கக் காகித வேலை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சோதனை போடவும் பிடிக்கவும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. மகஜர் எழுத வேண்டும், சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், கைப்பற்றிய கறியை ஆய்வகத்துக்கு அனுப்பி இது மான்தான் என்று சான்று பெற வேண்டும். வழக்கு வருவதற்குள் மகஜர் எழுதியவர் வேறு கோட்டத்துக்கு மாற்றலாகியிருப்பார். கூண்டில் நின்று, பல ஆண்டுக்கு முன்னால் ஒரு மாலை நேரம் கம்பி எந்தப் பக்க மரத்தில் கட்டியிருந்தது என்று வக்கீலுக்குப் பதில் சொல்ல வேண்டும். காட்டில் பயப்படாத ஒரு வனவர் கோர்ட்டு வாசலில் கைநடுங்க டீ குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆபத்தைப் பற்றிக் கேட்பீர்கள். யானை துரத்தியது, கரடி கடித்தது எல்லாம் உண்டு. மனிதனால் வந்ததும் உண்டு. கர்நாடக வனப்பணி அதிகாரி பி. சீனிவாஸ், வீரப்பனின் ஊரான கோபிநாதத்திலேயே தங்கி, மருத்துவ உதவி செய்து, மாரியம்மன் கோவில் கட்டிக்கொடுத்து, ஊராரைத் தன் பக்கம் திருப்பியவர். சரணடைகிறேன் என்ற பேச்சை நம்பி ஆயுதமில்லாமல் போனார். 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். கீர்த்தி சக்ரா பிறகு வந்தது. இதற்கு மேல் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது ஆய்வாளர். இவருடைய நாளில் பெரும்பகுதி சாணம், எச்சம் சார்ந்தது. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். யானையை எண்ண ஒரு வழி, அதன் லத்தியை எண்ணுவது. காட்டில் எத்தனை குவியல் கிடக்கிறது என்பது மட்டும் போதாது. ஒரு யானை நாளைக்கு எத்தனை தடவை போடுகிறது, போட்டது எத்தனை நாளில் மறைகிறது, இந்த இரண்டும் வேண்டும். முதலாவதற்கு யாராவது யானை பின்னாலேயே பொழுது முழுக்க அலைந்து எண்ண வேண்டும். முதுமலையில் எண்ணியிருக்கிறார்கள், சுமார் பதினாறு தடவை. இரண்டாவதற்குப் புதுக் குவியலாகப் பார்த்துப் பக்கத்தில் குச்சி நட்டு, எண் கட்டி, வாரம் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். வண்டு உருட்டிப் போகும், கறையான் தின்னும், மழை கரைக்கும். ஒருநாள் குச்சி மட்டும் நிற்கும். அன்று எழுதுவோம்: ‘இல்லை.’ அந்தத் தேதிக்காகத்தான் அத்தனை நடையும்.

ஊன் தின்னும் விலங்கின் எச்சத்துக்கு வேறு பக்குவம். பையில் போட்டுத் தேதி, இடம் எழுதி, கொண்டுவந்து சல்லடையில் வைத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவோம். மண்ணும் மக்கும் போய் மயிர், குளம்பு, எலும்புச் சில், பல் நிற்கும். வெயிலில் காயவைத்து, மயிரை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே ஓடும் நடுத்தண்டின் கோலம் தெரியும். கடமானுக்கு ஒரு கோலம், புள்ளிமானுக்கு ஒன்று, முயலுக்கு வரிசை வரிசையாகச் சோளக்கதிர் மாதிரி. எங்கள் வீட்டு மாடியில் நான் காயப்போட்டிருந்ததை வற்றல் என்று நினைத்து அம்மா திருப்பிப் போட்டுவிட்டு, என்ன என்று தெரிந்த பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த மாதிரி வேலையைத் தமிழர் ஒருவர் காலால் நடந்தே செய்து காட்டினார். நாங்குநேரிக்காரர், ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஆசிரியர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாயைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். சுதந்திரமாகத் திரியும் ஒரு பாலூட்டியை இந்தியர் ஒருவர் இப்படிக் காட்டிலேயே இருந்து ஆராய்ந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்வார்கள். செந்நாய் அன்று கெட்ட பெயர் எடுத்த விலங்கு. மான்களை அழிக்கிறது என்று சொல்லி ஒரு காலத்தில் சுட்டுக் கொன்றார்கள், இனாம் கொடுத்தார்கள். அது என்ன தின்கிறது, எப்படிக் கூட்டமாக வேட்டையாடுகிறது, குட்டிக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று பார்த்து எழுதியது அவர். பிறகு டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனத்தில் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார். வயதான பிறகும் மாணவர்கள் அவரோடு நடக்கத் திணறுவார்கள். 2024 ஜூனில் காலமானார். காட்டைப் படிக்க வேண்டும் என்றால் நட என்பதுதான் அவர் பாடம். நடக்காமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு கதை இருக்கிறது.

புலிக் கணக்கு. 1966-ல் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி கால்தடத்தை வைத்து எண்ணும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். தடத்தின்மேல் கண்ணாடிச் சட்டத்தை வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் ஓரத்தை வரைந்து, தாளில் இறக்க வேண்டும். இடது பின்னங்கால் தடம்தான் வேண்டும். அனுபவப்பட்டவர் பார்த்தால் இந்தத் தடம் எந்தப் புலி என்று சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. ஆனால் ஈர மணலில் ஒரே புலி ஓடினால் ஒரு தடம், நின்றால் வேறு தடம். உல்லாஸ் காரந்த் போன்ற ஆய்வாளர்கள் இது தேறாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாற்பது ஆண்டு அதுவே நடந்தது.

2005 தொடக்கத்தில் செய்தி வந்தது: ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட இல்லை. முந்தைய ஆண்டுக் கணக்கில் புலிகள் இருந்தன! பிரதமர் ஒரு பணிக்குழு அமைத்தார், சுனிதா நாராயண் தலைமையில். அந்தக் குழுவின் அறிக்கையில் என் மனதில் நின்றது ஒரு சிறிய அட்டவணை. களப்பணியாளர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன புலிகளின் எண்ணிக்கை ஒரு பக்கம். அதிகாரபூர்வக் கணக்கு இன்னொரு பக்கம். கீழே இருந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிட்டது. மேலே இருந்த கணக்கோ பல ஆண்டு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

யோசித்துப் பாருங்கள். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார். கேட்க வேண்டியவருக்கு அது தன் வேலையைக் குறை சொல்வதாகப் பட்டது. நான் ‘7’ எழுதினேனே, அதே வெட்கம்தான். எனக்கு அண்ணா பக்கத்தில் இருந்தார்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் இதேதான். ரகு சுண்டாவத் என்ற ஆய்வாளர் புலிகளுக்கு ரேடியோ காலர் போட்டுப் பின்தொடர்ந்தவர். தான் அறிந்த புலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைக் கண்டு எச்சரித்தார். காட்டுக்குள் வேலை செய்ய அவருக்கு இருந்த அனுமதிதான் முதலில் போனது. 2009-ல் அங்கேயும் பூஜ்யம். பிறகு வெளியிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சரிஸ்காவுக்கு 2008-லேயே ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் வந்திருந்தது. இரண்டு இடத்திலும் இன்று புலி இருக்கிறது. நல்லது.

சரிஸ்காவுக்குப் பிறகுதான் முறை மாறியது. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பில் பீட் என்ற காவல் எல்லையில் இருக்கும் வனக்காப்பாளரும் காவலர்களும் முதலில் நடந்து கால்தடம், எச்சம், கீறல் பார்க்கிறார்கள். பிறகு அதே இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு, மூன்று காலை. அதன்பின் தானியங்கி கேமரா, பாதைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு, இரண்டும் வேண்டும். 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். வந்த படங்கள் 3,48,58,623. கின்னஸில் ஏறிய எண்ணிக்கை. அதில் புலி எத்தனை? 76,651. ஆயிரம் படத்துக்கு இரண்டு கொஞ்சம் அதிகம். மற்றதெல்லாம் மான், மாடு, யானையின் வயிறு, ஆடிய புல், கேமராவை மாட்டிவிட்டு நகர்கிற காவலரின் முதுகு. கால்நடையாக நடந்தது ஐந்து லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நிலாவுக்குப் போகிற தூரத்தைத் தாண்டிவிட்டார்கள். 2022-ல் நாட்டில் 3,682 புலி, தமிழ்நாட்டில் 306 என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த எண் நம்பத் தகுந்ததாக இருப்பது, வெறும் படத்தை யாரும் எடுத்து வீசிவிடாததால்தான்.

இதுவரை ‘இல்லை’க்கு வக்காலத்து வாங்கினேன். அதற்கும் ஒரு குறை உண்டு. யார் சொல்லும் ‘இல்லை’ என்று பார்க்க வேண்டும். கேரளத்தில் சாலக்குடிக் காட்டில் பிரம்பாமை என்று ஒன்று, 1912-ல் விவரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எழுபது ஆண்டு எந்த அறிவியலாளர் கண்ணிலும் படவில்லை. சென்னைப் பெண் ஜே. விஜயா, பாம்புப் பண்ணையிலும் முதலைப் பண்ணையிலும் வேலை பழகியவர், 1982-ல் அங்கே போனார். அங்கே வாழும் காடர் பழங்குடியினரிடம் கேட்டார். அவர்களுக்கு ஆமை தெரியும், சமைத்தே தின்றிருக்கிறார்கள். அவர்கள் துணையோடு கண்டுபிடித்தார், காட்டிலேயே தங்கி ஆராய்ந்தார். 1987-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். 2006-ல் அந்த ஆமையின் பேரினத்துக்கே ‘விஜயாகெலிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். எழுபது ஆண்டு ‘இல்லை’ என்று இருந்த ஆமை, கேட்க வேண்டியவரிடம் கேட்டதும் கிடைத்தது. ஆமைக்கு விஜயாவின் பெயர் போனது நியாயம். காட்டிக்கொடுத்த காடர்களின் பெயர்கள் அதில் இல்லை.

அதைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு, என்மீதே. நான் இணைந்து எழுதிய முதல் கட்டுரையின் கடைசியில் ‘களப்பணியாளர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி இருக்கிறது. அண்ணாவின் பெயர் இல்லை. போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அவருக்கு அன்றும் தினக்கூலி. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பத்தாண்டு முடித்தவர்களை வனக்காவலராக்கும் ஆணைகள் அவ்வப்போது வந்திருக்கின்றன. வரிசை நீளம், வருகிற இடம் கொஞ்சம். புலியின் எண்ணிக்கையை இவர்கள் கால்களை நம்பி அறிவிக்கிற நாட்டில், இவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று இவர்களாலேயே அறிவிக்க முடியாது.

செத்த விலங்கும் பேசும் என்று நம்பியவர் ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. வனத்துறைக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் கே. காட்டில் யானை எங்கே செத்தாலும், எத்தனை நாள் ஆகியிருந்தாலும், அறுத்துப் பார்க்காமல் விடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர். அழுகிய யானைக்குள் கையை விட்டுக் குண்டைத் தேடுவது எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கப்போவதில்லை, இதற்குப் பிறகு உங்களுக்குச் சாப்பாடு இருக்கிறது. குண்டு இருந்தால் வேட்டை. குண்டு இல்லை என்றால் அதையும் எழுத வேண்டும்.

2021-ல் மசினகுடிப் பக்கம் டி-23 என்ற புலியைத் தேடியது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு பேரைக் கொன்றதாகச் சொன்ன புலி. கும்கி யானை, மோப்ப நாய், டிரோன், கேமரா, பல ரேஞ்சிலிருந்து ஆட்கள். தொலைக்காட்சியில் தினமும் ‘இன்றும் சிக்கவில்லை’ என்று ஏதோ தோல்விபோல வாசித்தார்கள். 21 நாள். அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அந்த இருபது நாளும் புதர் புதராகப் போய் ‘இங்கே இல்லை’ என்று கழித்துக்கொண்டே வந்ததால்தான் அது இருக்கும் இடம் சுருங்கியது. சுட்டுத் தள்ளியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்றார்கள் சிலர். எந்தப் புலியைச் சுட்டோம் என்பது அதற்கப்புறம் தெரிந்திருக்கும்.

சில ஆண்டுக்கு முன் அண்ணாவைப் பார்க்கப் போனேன். கண்ணில் புரை. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேரன் இப்போது வேட்டைத் தடுப்புக் காவலர், பன்னிரண்டாவது படித்தவன். கணக்கெடுப்பு நடக்கிற நேரம். சாயங்காலம் வந்தவன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, தாத்தா கேட்கட்டும் என்று உரக்கப் படித்தான்.

“புலி, இல்லை. சிறுத்தை, இல்லை. கரடி, இல்லை. செந்நாய், எச்சம் ஒண்ணு, பழசு.”

கிழவர் தலையைத் திருப்பினார்.

“பழசுன்னு எப்படிச் சொல்ற?”

“வெள்ளையா வெளுத்துக் கெடந்துச்சு தாத்தா. மயிருதான் மிச்சம். அடியில கறையான் மண்ணு ஏறியிருந்துச்சு.”

“தொட்டுப் பாத்தியா?”

“குச்சியால புரட்டிப் பாத்தேன்.”

“அப்பச் சரி. எழுது.”

“எழுதிட்டேன் தாத்தா,” என்று தாளை மடித்தான் அவன்.